கரையேறச் சொல்லாதவன் காடு

ஆசியாவைப் பிடிவாதக்காரி என்று சொல்லாத வாய் பண்ணைக்காட்டில் ஒரு காலத்தில் கிடையாது. இப்போது அதே வாய்கள் அதை விடாமுயற்சி என்கின்றன. நடுவில் நடந்தது ஒரு விளைச்சல், அவ்வளவுதான். வாழைத்தார் விழாதவரைக்கும் பிடிவாதம், தார் விழுந்துவிட்டால் விடாமுயற்சி. ஊருக்கு இந்த ரெண்டு வார்த்தை போதும், வேறெதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள யாருக்கும் பொழுதில்லை.

அவளுடைய அத்தா முகைதீன் மிளகு வியாபாரி. ஊர் ஊராய் மூட்டை ஏற்றி இறக்கிச் சம்பாதித்ததில் கடைசியாகப் பண்ணைக்காட்டுக்குக் கீழே சரிவில் ஒரு காடு வாங்கி, ஒரே மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார். புருஷன் அப்பாஸுக்குக் கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை. நல்ல மனிதர். ஆனால் மண் என்பது செருப்பில் ஒட்டுகிற சமாச்சாரம் என்பதைத் தவிர அதைப் பற்றி வேறெதுவும் தெரியாதவர். சீசனுக்குக் கடையிலேயே படுத்துக்கொள்வார், மற்ற நாளில் வாரத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் இறங்கி வருவார்.

ஆசியா அந்தக் காட்டில் மலைவாழை போட்டாள். முதல் தடவை முடிக்கொத்து நோய் விழுந்து, இலையெல்லாம் உச்சியில் சுருங்கிக் கொத்தாக நின்று, ஒரு மரம்கூடத் தார் தள்ளவில்லை. அத்தனையையும் வெட்டி எரித்தாள். அடுத்த தடவை காட்டெருமைக் கூட்டம் இறங்கிக் கல்யாணச் சாப்பாடு போலத் தின்றுவிட்டுப் போனது. அதற்குள் காட்டேஜ் கட்டுகிறவர்கள் சார்பாக ஒரு புரோக்கர் வாரா வாரம் ஸ்வெட்டர் கடையில் வந்து உட்கார ஆரம்பித்துவிட்டார். சரிவிலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுமாம், வெளியூர்க்காரர்கள் ஜன்னலைத் திறந்து அதைப் பார்ப்பதற்காகவே வருவார்களாம்.

"இந்த ஒரு தடவை பாத்துக்க ஆசியா," என்றார் அப்பாஸ். "தார் விழுந்தா உன் இஷ்டம், நான் வாயே தொறக்க மாட்டேன். விழலேன்னா கையெழுத்துப் போட்டுரு."

சரி என்றாள். சொல்லிவிட்டு அடுப்படியில் போய் நின்று அழுதாள். கடை அவருடையது, வீடு மாமியார் வழி வந்தது, அவளுடையது என்று சொல்ல அந்தச் சரிவு ஒன்றுதான் இருந்தது. அது போய்விட்டால் இந்த உலகத்தில் தன் காலை ஊன்ற ஒரு சாண் மண் இல்லை.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பின்னால் நடப்பது ஒன்றும் புரியாது.

மலையில் கூலிக்கு ஆள் பிடிப்பது குதிரைக்கொம்பு. இளவட்டங்கள் எல்லாம் கொடைக்கானல் ஹோட்டல்களுக்குப் போய்விட்டன. அதனால் இன்றைக்கு நீ என் காட்டில், நாளைக்கு நான் உன் காட்டில் என்று வேலையை வேலையால் ஈடுகட்டிக்கொள்வார்கள். அதற்கு மாத்தாள் என்று பேர். காசுப் பேச்சு கிடையாது, நன்றி சொல்லும் பழக்கமும் கிடையாது. ரெண்டே முறைமைதான். வெள்ளனே காட்டுக்காரர் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து காட்டு எல்லைக் கல்கட்டின் மேல் வைப்பார். வந்த ஆள் அதைக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் மாத்துக்கு ஒப்புக்கொண்டார் என்று அர்த்தம். அந்தியில் காட்டுக்காரர் தன் வாயால் "கரையேறுங்க" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் வந்த ஆள் மண்வெட்டியைக் கீழே போடுவார். வேறு யார் சொன்னாலும் செல்லாது. தானாக நிறுத்திவிட்டுப் போவது காட்டுக்காரர் முகத்தில் காறித் துப்புவது மாதிரி. ஒருவரை வேலைக்கு விட்டுவிட்டுக் கரையேறச் சொல்லாமல் இருப்பதோ, அதைவிடக் கேவலம்.

ஆசியாவுக்கு மாத்தாள் பொன்னுத்தாய். கீழ்க்காட்டில் காப்பி வைத்திருப்பவள், ஆசியாவைவிட மூத்தவள், வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட நீளம். குழி வெட்டுகிற பருவத்தில் அவள் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. பொன்னுத்தாய் கன்னிவாடிக்கு இறங்கிப் போனாள். தன் வீட்டுக்காரர் சுவாமிநாதனை மாத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

சொன்ன ஆள் வரவில்லை. ஆசியா தனியாக வெட்டினாள். சரிவில் கல் அதிகம். கடப்பாரையைப் போட்டால் கை எலும்பு வரைக்கும் அதிரும். கோடைமழை பிடிப்பதற்குள் குழி அத்தனையும் தயாராக வேண்டும், ஆனால் வேலையோ நத்தையாக நகர்ந்தது. உள்ளங்கை கொப்புளித்து உடைந்து, உடைந்த இடத்திலேயே மறுபடியும் கொப்புளித்தது. முதல் நாள் பிஸ்மி சொல்லி உற்சாகமாக ஆரம்பித்தவள், வாரக் கடைசியில் அதை முனகலாகச் சொன்னாள்.

அப்படி ஒரு காலையில்தான் அந்தச் சத்தம் கேட்டது. மேகம் சரிவு முழுக்க இறங்கிக் கிடந்தது, பக்கத்தில் நிற்கிற சில்வர் ஓக் மரம்கூடப் பாதிதான் தெரிந்தது. காட்டின் மேல் எல்லையில் யாரோ கடப்பாரை போடுகிற சத்தம். சீராக, அவசரமில்லாமல், நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. ஆசியா நாலு எட்டு ஏறிப் பார்த்தாள். தலைத்துண்டு கட்டிய ஒரு முதுகு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. முகம் தெரியவில்லை.

வந்துவிட்டார் சுவாமிநாதன் என்று அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவர் கூச்சப்படுகிற மனிதர், பெண்பிள்ளை தனியாக இருக்கிற காட்டில் பக்கத்தில் வந்து பேச மாட்டார். அதனால் ஃபிளாஸ்க்கிலிருந்த டீயைத் தன் டம்ளரில் ஊற்றி மேல்கல்கட்டில் வைத்துவிட்டு, டீ வைத்திருக்கிறேன் என்று குரல் கொடுத்தாள். பெண் வீட்டில் கொடுத்தனுப்பிய டம்ளர் அது, அடியில் மு. ஆசியா என்று பேர் வெட்டியிருக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் போனபோது டம்ளர் கவிழ்ந்திருந்தது.

இதுதான் அவள் செய்த காரியம். முகத்தைப் பார்க்காமல் டீயை வைத்தாள். முகம் பார்த்து டீ கொடு என்று யாரும் எந்த முறைமையிலும் சொல்லி வைக்கவில்லை, ஏனென்றால் அப்படிச் சொல்ல ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை.

அந்தியில் அவள் கீழே இறங்கும்போதும் சத்தம் நிற்கவில்லை. கரையேறச் சொல்லலாம் என்று திரும்பினாள். மேகம் இன்னும் கெட்டியாகியிருந்தது. மனுஷன் வந்ததே ஒரு வாரம் லேட்டு, கொஞ்சம் கூட வெட்டட்டுமே, தானாகப் போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மறுநாள் போய்ப் பார்த்தால் மேல்வரிசை முழுக்கக் குழி. சுத்தமான, ஆழமான, ஓரம் கத்தியால் சீவிய மாதிரி குழிகள். ஆனால் மண்ணை எல்லாம் குழிக்கு மேல்பக்கமாகக் குவித்திருந்தது. இந்த மலையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. சரிவில் மண்ணைக் கீழ்ப்பக்கம் போட்டு அணைத்தால்தான் தண்ணீர் தங்கும். சுவாமிநாதனுக்கு வயசாகி மூளை குழம்பிவிட்டது போல என்று முனகிக்கொண்டே ஆசியா ஒவ்வொரு குழியாகப் போய் மண்ணைக் கீழ்ப்பக்கம் இழுத்து அணை கட்டினாள். மேலே சத்தம் விழுந்துகொண்டே இருந்தது. அவள் டீ வைத்தாள். டம்ளர் கவிழ்ந்தது. இப்படியே நாட்கள் போயின.

பொன்னுத்தாய் பேத்தி பிறந்த சந்தோஷத்தில் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, நேராகக் காட்டுக்கு ஏறினாள். குழிகளைப் பார்த்து அடேயப்பா என்றாள். ஆசியா இன்னும் மண் அணைக்காத மேல்வரிசைக்கு வந்ததும் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஆசியா, இந்தக் குழி யாரு வெட்டுனது?"

"உங்க வீட்டுக்காரர்தான் அக்கா. வேற யாரு?"

"அவரு மறுநாளே மகளைப் பாக்கணும்னு கன்னிவாடிக்கு வந்துட்டாருல்ல. காய்ச்சல்னு படுத்துக் கெடந்தாரு."

பொன்னுத்தாய் அப்படியே கல்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஜாங்கிரிப் பொட்டலம் கையை விட்டு உருண்டு குழிக்குள் விழுந்தது. அதை எடுக்க ரெண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

பிறகு அவள் சொன்னாள். மேலே உண்ணிச்செடி மண்டிக் கிடக்கிறதே, அது கந்தவேலின் காடு. ஆசியா இந்த ஊருக்கு வாழ வருவதற்கு முன்னாலேயே செத்துப் போனவன். மண்ணை மேல்பக்கம் போடுவது அவன் ஒருத்தன்தான். மழை பெய்தால் மண் தானாக இறங்கி வேரை மூடிக்கொள்ளும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. இறங்கி மூடியது, கன்றெல்லாம் அழுகியது. அடுத்த வருஷமும் மேல்பக்கமே போட்டான். உழைப்பென்றால் அப்படி ஒரு உழைப்பு, இந்த மலையில் அவன் அளவுக்குக் குழி வெட்டியவன் கிடையாது. ஒரு தார் அவன் காட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்கியதும் கிடையாது.

"சொல்லிக் குடுக்க ஒருத்தர் இல்லையா அக்கா?"

"யாரு போவா? அவன் காட்டுக்கு ஒருத்தரும் மாத்துக்குப் போக மாட்டோம். கரையேறச் சொல்லவே மாட்டான். இன்னும் ஒரு குழி, இன்னும் ஒரு குழிம்பான். கண்ணு தெரியாம இருட்டுனாலும் சொல்ல மாட்டான். கேட்டா, கேட்டது காதுல விழாத மாதிரி சிரிப்பான். பொண்டாட்டி தமயந்தி எவ்வளவோ பாத்தா. கடைசியில பாலசமுத்திரத்துக்கு எறங்கிப் போயிட்டா, இனி இந்த மலையை மிதிக்க மாட்டேன்னு."

அடைமழையில் ஒரு நாள் அவனைக் குழிக்குள் நின்றபடிக்குக் கண்டார்கள். மண் இடுப்பு வரைக்கும் இறங்கி மூடியிருந்தது. கையிலிருந்த கடப்பாரையைப் பிரிக்க முடியாமல் அதோடேயே தூக்கி வந்தார்கள். தோற்றுப் போனவனைப் பற்றி ஊர் என்ன பேசும்? சோம்பேறி என்று சொல்ல முடியவில்லை. அதனால் ராசியில்லாதவன் என்று சொல்லி முடித்துக்கொண்டது.

பொன்னுத்தாய் ஆசியாவின் கையைப் பிடித்தாள். "கரையேறச் சொல்லிரு. இப்பவே சொல்லிரு தாயி. நான் சொன்னா எடுபடாது, காட்டுக்காரி நீதான் சொல்லணும்."

மேலே மேகத்துக்குள் கடப்பாரை விழுந்தது. ஆசியா மேல்பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு வானத்தைப் பார்த்தாள். பெருமாள் மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தது. பாதிச் சரிவு இன்னும் வெறுமனே கிடந்தது. தன் கையைப் பார்த்தாள். ஸ்வெட்டர் கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற புரோக்கரை நினைத்தாள்.

அந்தி சாயட்டும் அக்கா, முறைப்படி சொல்லிவிடுகிறேன் என்றாள். அந்தி சாய்ந்தது. சொல்லவில்லை.

இதை நான் மழுப்பப் போவதில்லை. அவள் பயந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. பயம் இருந்தது, ஆனால் அதற்கு மேல் ஆசை இருந்தது. கேட்காமல் வந்த ஆள், கூலி கேட்காத ஆள், நில் என்று சொல்லாதவரைக்கும் நிற்காத ஆள். அப்படி ஒருத்தன் கிடைத்தால் நீங்களும் நானும் மட்டும் என்ன வாயைத் திறந்துவிடுவோமா? இன்னும் ஒரு வரிசை, அது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதைச் சொல்லும்போது அது யாருடைய பேச்சு என்று அவளுக்கு உறைக்கவில்லை.

மழை பிடிப்பதற்குள் காடு முழுக்கக் கன்று நட்டாயிற்று. அதற்குப் பிறகும் அவன் போகவில்லை. களை வெட்டினான். மண் அணைத்தான், எப்போதும் போல மேல்பக்கமாக. அவள் பின்னாலேயே போய் அதைக் கீழ்ப்பக்கம் இழுத்துவிட்டாள். அவன் வேலை பாதி, அவள் திருத்தம் பாதி, வாழை மதமதவென்று வளர்ந்தது. அடைமழையிலும் சத்தம் நிற்காது. வீட்டில் சோறு வடிக்கும்போதும் காதில் விழும். அப்பாஸ் ஒருமுறை கேட்டுவிட்டு, மரங்கொத்தி ரொம்பத்தான் கொத்துகிறது என்றார். காட்டெருமைக் கூட்டம் ஒரு மத்தியானம் வந்தது. வேலி ஓரத்தில் நின்று மூக்கை உயர்த்தி மோந்து பார்த்தது, பிறகு கன்றுக்குட்டிகளை நடுவில் விட்டு வந்த வழியே திரும்பியது. ஆசியா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்பட்ட பிறகுதான் அவை எதைக் கண்டு திரும்பின என்று புரிந்தது.

அவள் ஒரு நாளும் அவன் பக்கத்தில் போகவில்லை. டம்ளரை வைப்பாள், இறங்கிவிடுவாள். எடுக்கும்போது அது மழைக்குழியில் கிடந்த கல்லைப் போலக் குளிர்ந்திருக்கும். பொன்னுத்தாய் அந்தக் காட்டுக்கு வருவதை நிறுத்தினாள். வழியில் பார்த்தால், சொல்லியாச்சா என்று மட்டும் கேட்பாள். ஆசியா, நாளைக்கு என்பாள்.

தார் தள்ளியது. ஒன்றிரண்டல்ல, சரிவு முழுக்க. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குமரகுரு ஜீப் எடுத்துக்கொண்டு தானே ஏறிவந்து பார்த்தார். பழுத்திருந்த ஒன்றைப் பிய்த்து மோந்து, இந்த மணத்துக்குத்தான் கீழே ஆள் அலைகிறது, மொத்தத்தையும் எனக்கே கொடுங்கள் என்றார். முதல் வெட்டு ஜீப்பில் இறங்கியது. அப்பாஸ் புரோக்கரைக் கூப்பிட்டு, இனிமேல் ஸ்வெட்டர் வாங்குவதாக இருந்தால் மட்டும் கடைக்கு வாங்க என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் ஆசியாவைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை அவள் கல்யாணம் ஆன நாளிலிருந்து பார்த்ததில்லை. அதற்காக அவள் எதையும் செய்திருப்பாள்.

விஷயம் பரவி, ஜெயப்பிரியா என்கிற பெண் வந்து சேர்ந்தாள். ஜெயித்த விவசாயிகளைப் பேட்டியெடுத்து யூடியூபில் போடுகிறவள். சுறுசுறுப்பான பிள்ளை, மைக்கை ஆசியாவின் முந்தானையில் குத்திவிட்டு வாழை மரங்களுக்கு நடுவில் நிறுத்தினாள். பேச ஆரம்பித்த உடனேயே முகம் சுளித்தாள்.

"அக்கா, பின்னாடி யாரோ வெட்டிக்கிட்டே இருக்காங்க. ஆடியோல விழுது. கொஞ்சம் நிறுத்தச் சொல்றீங்களா?"

ஆசியா முந்தானையிலிருந்த மைக்கைச் சரிசெய்தாள். மேலே பார்க்காமலேயே, அது பக்கத்துக் காடு, நான் சொல்ல முடியாது என்றாள்.

ஜெயப்பிரியா ஒரு மாதிரி சமாளித்து எடுத்தாள். எத்தனையோ பேர் முதல் தோல்வியிலேயே விட்டுவிடுகிறார்களே, நீங்கள் ஜெயித்ததற்கு என்ன காரணம் என்று கேட்டாள். கேள்வியிலேயே பதில் இருந்தது. அப்பாஸ் கேமராவுக்குப் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"விடாமுயற்சிதான்," என்றாள் ஆசியா.

"மாத்தாள் கூட இல்லாம ஒத்தையாவே செஞ்சீங்களாமே?"

"ஆமா. ஒத்தையா."

கடப்பாரைச் சத்தம் ஒரு அடி தவறியது. அத்தனை மாசத்தில் முதல் தடவையாகத் தவறியது. பிறகு பழையபடி விழுந்தது, கொஞ்சம் பக்கத்தில்.

மறுநாள் காலையில் ஆசியா காட்டுக்குள் நுழைந்ததும் கால் குழிக்குள் போயிற்று. காய்த்து நின்ற மரங்களுக்கு நடுவில் புதுக்குழிகள். சுத்தமாக, ஆழமாக, ஓரம் சீவி, மண் மேல்பக்கமாக. வெட்ட இடமில்லாமல் வேரோடு சேர்த்து வெட்டியிருந்தது. தார் கனம் தாங்காமல் மரங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. கோபத்தில் செய்த வேலை மாதிரி அதில் ஒரு அடையாளமும் இல்லை. அதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது. எப்போதும் போல அக்கறையாகச் செய்த வேலை. நிறுத்தச் சொல்லாததால் தொடர்ந்த வேலை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேகத்துக்குள் இன்னொரு மரம் முறிந்து விழுந்தது.

"கந்தவேலண்ணே," என்று கத்தினாள். "கந்தவேலண்ணே, கரையேறுங்க."

சத்தம் நின்றது.

அப்படி ஒரு அமைதியை அவள் மறந்தே போயிருந்தாள். இலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. கீழே ரோட்டில் பண்ணைக்காட்டு பஸ் கியர் மாற்றுவது கேட்டது. இந்த ஒரு வார்த்தைக்காகவா இத்தனை நாள் ஒரு மனிதனை அலைய விட்டோம் என்று அவளுக்குத் துக்கம் பொங்கியது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குழி ஓரத்தில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். மிச்ச மரங்கள் தப்பின. காடும் தப்பியது. அன்று ராத்திரி அசந்து தூங்கினாள்.

விடிந்து காட்டுக்கு வந்தால், மேல்கல்கட்டின் மேல் அவளுடைய டம்ளர். நிமிர்ந்து இருந்தது. உள்ளே டீ, ஆவி பறந்தது. வைத்திருந்த இடம் கல்கட்டின் அந்தப் பக்க ஓரம், கந்தவேலின் காட்டுப் பக்கம்.

மாத்துக்கு அழைப்பு. இதைப் புரிந்துகொள்ள அவளுக்குப் பொன்னுத்தாய் தேவைப்படவில்லை.

திரும்பி ஓடியிருக்கலாம். ஓடத்தான் முதலில் காலைத் தூக்கினாள். ஆனால் முந்தாநாள் கேமரா முன்னால் ஒத்தையா என்று சொன்ன வாய் அது, அந்த வாயிலேயே கசந்தது. ஒருத்தன் உழைப்பைத் தின்றுவிட்டு மாத்துக்குப் போகாமல் இருப்பவளை இந்த மலையில் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் வேலை. விடாமுயற்சிக்காரி என்று ஊரே சொல்கிறது, ஒரு நாள் வேலைக்கா நமக்குத் தெம்பில்லை? பிஸ்மி சொல்லி டீயைக் குடித்தாள். நல்ல டீ, ஏலக்காய் போட்டது. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கடப்பாரையும் மண்வெட்டியுமாகக் கல்கட்டைத் தாண்டினாள்.

உண்ணிச்செடியை வெட்டி ஒதுக்கினால் கீழே பழைய குழிகள், மண் இறங்கி மூடிய தழும்புகளாய் வரிசை வரிசையாகக் கிடந்தன. அவற்றைத் தோண்ட ஆரம்பித்தாள். ஆச்சரியமாக, கை வலிக்கவில்லை. கல் வழிவிட்டது. மனசும் லேசானது. கடன்பட்ட இடத்தில் வேலை செய்வதில் ஒரு நிம்மதி இருந்தது. மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற சத்தம் கேட்டது, இந்தக் குழி முடிந்ததும் போகலாம் என்று நினைத்தாள். அந்தக் குழி முடிந்து அடுத்ததும் முடிந்தது. பொழுது சாய்வதைக் கவனித்து, போதும் என்று கடப்பாரையைக் கீழே போடப் போனாள்.

கை விடவில்லை.

விரல்களைப் பார்த்தாள். அவளுடைய விரல்கள்தான். அவை கடப்பாரையை உயர்த்தின, இறக்கின. நிறுத்து என்று தனக்குத்தானே சொன்னாள். அது நடக்காது என்பது சொல்லும்போதே தெரிந்தது. அவளா இந்தக் காட்டுக்குக் காட்டுக்காரி? பொன்னுத்தாய் சொன்னது அப்போதுதான் முழுசாக வந்து உச்சந்தலையில் இறங்கியது. அவன் காட்டுக்கு ஒருத்தரும் மாத்துக்குப் போக மாட்டோம்.

மேகம் விலகி விலகி வந்தது. கல்கட்டின் மேல் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தொங்கப் போட்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உட்காரக் கிடைத்தவனின் சுகத்தோடு உட்கார்ந்திருந்தான். இடுப்புக்குக் கீழே ஈரமண் அப்பியிருந்தது. ஆசியாவையும் அவள் வெட்டிய குழிகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே," என்றாள். "சொல்லுங்கண்ணே. ஒரு வார்த்தை சொல்லுங்க. தங்கச்சி மாதிரி நெனச்சுச் சொல்லுங்கண்ணே."

அவன் கேட்டது காதில் விழாத மாதிரி சிரித்தான். அதில் குரோதம் ஒரு துளி இல்லை. இன்னும் வெட்டாத சரிவைக் கையால் காட்டினான்.

பாலசமுத்திரத்தில் தமயந்தி இருக்கிறாள், காட்டுக்குப் பாத்தியப்பட்டவள், அவள் வந்து சொன்னால் செல்லும் என்று ஆசியாவுக்கு ஒரு எண்ணம் ஓடியது. மலையை மிதிக்க மாட்டேன் என்று போனவளை யார் போய் அழைப்பார்கள், யாரிடம் என்னவென்று சொல்லி அனுப்புவது?

கீழே ரோட்டில் ஜீப் வந்து நின்றது. அப்பாஸும் குமரகுருவும் இறங்கினார்கள். மேகத்தின் கிழிசலில் மேல்சரிவில் ஆசியா குனிந்து நிமிர்வது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் பக்கத்தில் வேறு எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை.

"என்னங்க," என்று ஆசியா உயிரைக் கொடுத்துக் கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்க."

அப்பாஸ் கையை உயர்த்தி ஆட்டினார். சரிவில் குரல் அவ்வளவு தூரம் இறங்குவதில்லை, காற்று மேல்நோக்கி வீசுகிற நேரம் அது. ஆனால் அவர் பேசுவது அவளுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி கேட்டது.

"பாத்தீங்களா குமரகுரு? மரம் அத்தனை சாஞ்சு கெடக்கு, ஒரு நாள் உக்காந்து அழல. அதுக்குள்ள மேக்காட்டையும் வெட்ட ஆரம்பிச்சுட்டா. இவ ஜெயிச்சது சும்மாவா? இருட்டுனாலும் விடமாட்டா."

குமரகுரு, இந்த மாதிரி ஒரு பிடிப்பு இருந்தால் யாராலும் ஜெயிக்க முடியும் என்றார். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் நின்று, மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொந்தரவு செய்ய வேண்டாம், தானாக வருவாள் என்று அப்பாஸ் சொன்னார். ஜீப் கிளம்பிப் போயிற்று.

ஆசியாவின் கை தானாகவே கடப்பாரையை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தது. மண்ணை அள்ளிக் குவித்தாள். குவித்த பிறகுதான் பார்த்தாள், மேல்பக்கமாகப் போட்டிருந்தாள். கல்கட்டில் இருந்தவன் திருப்தியாகத் தலையாட்டினான். அவள் அடுத்த குழிக்கு நகர்ந்தாள்.